நின்றபடி ஒரு சாட்சி

“சாட்சி யாருங்க?” என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரீன்.

“நான்தானுங்க” என்று கையைத் தூக்கினார் ஷர்மிளா, வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தூக்குவதுபோல. “இவளுக்கு மாமியாரு. கையெழுத்து எங்கீங்க போடோணும்?”

“அதெல்லாம் அப்புறம்மா. முதல்ல உட்காருங்க.”

“பரவால்லீங்க. நான் இப்படியே நிக்கறேன்.”

அந்தப் பதற்றத்திலும் நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்த இந்த நான்கு வருடத்தில் அத்தை உட்கார்ந்து அவள் பார்த்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் சமையல் மேடையில் சாய்ந்தபடி தட்டைக் கையில் ஏந்தித்தான் சாப்பிடுவார். டிவி சீரியலை, துணி மடித்துக்கொண்டே நின்று பார்ப்பார். விசேஷத்துக்குப் போனால் நேராகப் பந்திக்குள் நுழைந்து சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் உருளைக்கிழங்கைத் தரம் பிரிக்கும் வேலையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். கல்லாவில் வந்து உட்காருங்கள் என்று முதலாளி மூன்று முறை கூப்பிட்டும் மாட்டேன் என்றுவிட்டாராம்.

“சுறுசுறுப்புன்னா எங்கம்மாதான்” என்று ஆரூரன் ஊரெல்லாம் பெருமையடிப்பான். ஆரூரன், நறுமுகையின் கணவன். சிறுமுகைத் தறிகளுக்குச் சேலைக் கரை வரைந்து அனுப்புகிறவன். அம்மா நின்றே வாழ்ந்ததற்கு ஈடுகட்டுவதுபோல, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவன்.

நறுமுகையின் வேலையும் உட்கார்ந்து பார்ப்பதுதான். அங்கேதான் வினை. அவள் மலைப் பேருந்து ஓட்டுநர். சமவெளியில் பேருந்துகள் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. குன்னூர் பாதையில் மட்டும் இன்னும் மனிதர்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம். கொண்டை ஊசி வளைவில் ஒரு யானை குறுக்கே வந்து நின்றால் என்ன செய்வதென்று எந்த இயந்திரத்துக்கும் இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல், அதற்குத் தோன்றும்போது அது போகட்டும் என்று காத்திருக்க மனிதருக்குத்தான் தெரியும். அந்த இருக்கைக்கு அறுபது பேர் போட்டியிட்டார்கள். நறுமுகை ஜெயித்தாள்.

தென்றல் பிறந்த பிறகு எல்லாம் மாறியது. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அந்த ஒன்றரை வருடமாக, உட்கார்ந்தால் இடுப்புக்கு அடியில் யாரோ ஒரு கட்டையைச் செருகி, அதைக் கொஞ்சம் சூடாக்கியும் வைத்ததுபோல ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். சிறுநீர் கழிக்கப் போனால் நின்று நின்று வரும். ஆசையாகப் பக்கத்தில் வரும் ஆரூரனிடம் “இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அழுகை வந்துவிட்டது. பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் ஸ்கேன் சுத்தம் என்றார்கள். ஒருவர் மட்டும் இடுப்புத்தளத் தசை பலமில்லாமல் இருக்கும், இறுக்கிப் பழகு என்றார். அவள் செல்போனில் பார்த்து ஒரு நாளைக்கு இருநூறு முறை இறுக்கினாள். வலி இரண்டு மடங்கானது.

கடைசியில்தான் இந்தப் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தாள். நஸ்ரீன் பொறுமையாகக் கேட்டார். அவளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக் காட்டினார்.

“உங்க தசை பலமில்லாம இல்ல. ஒன்றரை வருஷமா இப்படி மடக்கியே வச்சிருக்கு. ஏற்கெனவே மடக்கின கையை இன்னும் இருநூறு தடவை மடக்கினா என்ன ஆகும்? நீங்க கத்துக்க வேண்டியது விடறதை.”

“விட்டா சரியாயிடுமா?”

“ஆகும். பன்னிரண்டு வாரம் வேணும். அதுவரைக்கும் மணிக்கணக்கா ஓட்டக்கூடாது.”

பன்னிரண்டு வார விடுப்பு என்றால், இருக்கையை அவளுக்காக ஒதுக்கி வைக்கப் பணிமனை வலிச்சான்று கேட்கும். வலிச்சான்று என்றால் சாட்சி வேண்டும்.

நான்கு வருடமாகத்தான் இந்தச் சட்டம். சாட்சிப் பட்டை என்று இரண்டு பட்டைகள். நோயாளி ஒன்றைக் கட்டிக்கொள்வார், வீட்டில் கூடவே வசிக்கும் ஒருவர் மற்றதைக் கட்டிக்கொள்வார். இவருடைய வலி அவருக்குப் போகும். ‘இனி யார் வலியையும் யாரும் பொய் என்று சொல்ல முடியாது’ என்று அரசாங்கம் விளம்பரம் செய்தது. ஆரம்பத்தில் நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. மனைவியின் ஒற்றைத் தலைவலியைக் கட்டிப் பார்த்த ஒரு ஆசாமி, மறுநாளிலிருந்து காலணியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறானாம். ஆனால் நாளாக நாளாக, சாட்சி கிடைத்தால்தான் அது வலி என்று ஆகிப்போனது. மருத்துவர் சொல்லுக்குக்கூட மதிப்பு போய்விட்டது.

“உங்க பையன் வரலையா?” என்று நஸ்ரீன் கேட்டார்.

“அவன் வரேன்னுதானுங்க குதிச்சான்.”

“இந்த வலிக்கு ஆம்பளைங்க சாட்சி ஆக முடியாதும்மா. உடம்பமைப்பு ஒத்துப்போகணும்.” பட்டையை அத்தையின் இடுப்பில் கட்டியபடியே நஸ்ரீன் விளக்கினார். “முதல் ரெண்டு நிமிஷம் பட்டை உங்க உடம்பைக் கேட்டுக்கும். உங்களுக்கு முதுகுவலி, மூட்டுவலி ஏதாவது இருந்தா அது மருமக வலியோட கலந்துடக்கூடாதில்லையா? அதனால உங்களோடதைக் கழிச்சுட்டு, அதுக்கு மேல இருக்கறதை மட்டும்தான் கொடுக்கும். உங்க உடம்புக் குறிப்பு ரகசியம். நீங்களே கேட்டு விரல் வச்சாத்தான் திறக்கும், எனக்கே தெரியாது.”

“எனக்கேதுங்க வலி? மாத்திரையே போட்டதில்லீங்க.”

இரண்டு பெண்களும் முக்காலிகளில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடம் ஆனது. பட்டை மெல்ல ஒலித்தது. நறுமுகை கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, கட்டை. இதோ, சூடு. ‘மன்னிச்சுக்கங்க அத்தை’ என்று மனசுக்குள் சொன்னாள்.

“தெரியுதாம்மா?” என்றார் நஸ்ரீன்.

“எதுங்க?”

“வலி. இடுப்புக்குக் கீழே.”

“புதுசா ஒண்ணுந் தெரியலீங்களே. எப்பவும் போலத்தான் இருக்குது.”

திரையில் பூஜ்ஜியம் என்று விழுந்தது. நஸ்ரீன் பட்டையை மாற்றிக் கட்டிப் பார்த்தார். மறுபடியும் பூஜ்ஜியம்.

*

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் நறுமுகை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கொஞ்சங்கூடவா இல்ல அத்தை?”

ஷர்மிளாவின் முகம் வாடியிருந்தது. இருக்கையின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்திருந்தார். “அம்மிணி, இருந்தா இல்லைங்க மாட்டேன். இல்லாததை இருக்குதுன்னும் எனக்குச் சொல்ல வராது. நான் என்ன பண்ணட்டும்?”

அத்தை பொய் சொல்லமாட்டார். அதுதான் நறுமுகையை அறுத்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இப்போதோ, தன் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. எல்லாம் என் மனப்பிரமையா?

“நான் உன்னை நம்பறேன் முகை” என்றான் ஆரூரன் அன்றிரவு வீட்டில், தென்றலைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

“உன் நம்பிக்கைக்கு சீல் இல்லையே ஆரூ.”

“வேணும்னா உருளைக்கிழங்குல செதுக்கி ஒரு சீல் குத்தித் தரேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் தென்றலைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்து அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான்.

பணிமனையிலிருந்து பதில் வந்தது. வலிச்சான்று இல்லாததால் விடுப்பு கிடையாது. மறுசோதனைக்கு நாற்பது நாள் அவகாசம் உண்டு. அதுவரை தினம் ஒரு நடை மட்டும் ஓட்டலாம். மறுசோதனையிலும் பத்துக்கு நான்குக்குக் கீழே வந்தால், முழுநேரம் ஓட்ட விருப்பமில்லாதவர் என்று எழுதி இருக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் அவள் பணிமனையின் திரை அறையில் நின்றுகொண்டு, தாமாகவே ஓடும் நூறு பேருந்துகளை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஷர்மிளா வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தார். கேட்காமலே காபி வந்தது. நறுமுகை குடித்தாள். நன்றி சொன்னாள். அந்த நன்றி ஷர்மிளாவைச் சுட்டிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை பேருந்து புறப்படும் நேரத்தில் முன்படியில் ஏறி நின்றார் ஷர்மிளா. கையில் டிபன் கேரியர்.

“எங்கீங்க அத்தை?”

“உன்றகூடத்தான். நீ ஓட்டறதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. உன்ற வலி என்னன்னு அந்தப் பட்டைக்குத் தெரியலைன்னா, நான் கண்ணாலயாவது பார்க்கறேன்.”

நறுமுகை டிபன் கேரியரை வாங்கி வைத்தாள். “உட்காருங்க, முன் சீட் காலியாத்தான் இருக்கு” என்றாள்.

“நான் நிக்கறேன் கண்ணு.”

பேருந்து கல்லாறு தாண்டி மலையேறியது. பாதி இருக்கைகள் காலி. முதல் வளைவில் ஒரு பெரியவர் காலியாக இருந்த முன் சீட்டைக் காட்டி, “அம்மா, இங்க உக்காருங்க, வளைவுல தள்ளிரும்” என்றார். “பரவால்லீங்க” என்றார் ஷர்மிளா. மூன்றாவது வளைவில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அவளுக்கும் அதே பதில்.

நறுமுகை வழக்கம்போல வளைவுக்கு முன்னால் மூச்சை இழுத்து நிறுத்தினாள், தாடையை இறுக்கினாள், இடது பக்கம் சாய்ந்து வலது தொடையைத் தூக்கிக்கொண்டாள். வளைவு முடிந்ததும் மூச்சை விட்டாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து நின்ற அத்தையும் அப்போதுதான் மூச்சை விட்டார்.

அடுத்த வளைவு. நறுமுகை இப்போது கண்ணாடியில் ஒரு கண் வைத்திருந்தாள். அத்தையின் தாடை இறுகியது. மூச்சு நின்றது. உடல் இடது பக்கம் சாய்ந்தது. வலது கால் லேசாக மேலெழுந்தது. வளைவு முடிந்ததும் எல்லாம் ஒன்றாக இறங்கியது. நறுமுகை தன்னைத்தானே கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது, இருபத்தெட்டு வயது கூட்டி.

பர்லியாறில் பத்து நிமிடம் நிற்கும். சில பயணிகள் மங்குஸ்தான் பழம் வாங்க இறங்கினார்கள். நறுமுகை இருக்கையை விட்டு எழுந்து அத்தையிடம் வந்தாள்.

“அத்தை, ஒண்ணு கேக்கறேன். உட்கார்ந்தா உங்களுக்கு என்ன பண்ணும்?”

“என்ன பண்ணும்? எல்லாருக்கும் பண்றதுதான்.”

“எல்லாருக்கும் என்ன பண்ணும்?”

ஷர்மிளா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இதையெல்லாம் ரோட்டுல வச்சு... அதாங் கண்ணு, அடியில ஒரு கட்டையைச் சொருகுன மாதிரி இருக்கும். சித்த நேரம் போனா காந்தும். தும்மல் வந்தா ரெண்டு சொட்டு போயிரும். பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான? ஆரூரனை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. அன்னையிலிருந்து.”

“ஆரூ பிறந்ததிலிருந்தா? முப்பத்தியோரு வருஷமா?”

“அதை யாரு எண்ணிட்டிருந்தா?”

“அத்தை...” நறுமுகை அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “மத்தவங்களுக்கு உட்கார்ந்தா ஒண்ணுமே பண்ணாது.”

ஷர்மிளா அவளைப் பார்த்தார். பேருந்துக்குள் அங்கங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அந்தக் கல்லூரிப் பெண் காலை மடித்துப் போட்டு, பழத்தைப் பிளந்து தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அரிசி மூட்டைபோல உட்கார்ந்து ஒரு அம்மாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமேவா?” என்றார் ஷர்மிளா.

*

“விரலை இங்க வைங்கம்மா” என்றார் நஸ்ரீன். “உங்க குறிப்பு திறக்கும்.”

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. பச்சை, நறுமுகையுடையது. சிவப்பு, சோதனைக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் பட்டை கேட்டுக்கொண்ட ஷர்மிளாவுடையது. நஸ்ரீன் ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தி வைத்தார். சிவப்பு மறைத்துவிட்டது, பச்சை இருந்த இடம் தெரியவில்லை.

நஸ்ரீன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “அல்லாவே. ஏழிலிருந்து ஏழைக் கழிச்சிருக்கு.”

“அப்ப நான் சொன்னது பொய்யில்லீங்களே?”

“இல்லம்மா. பூஜ்ஜியம் வந்தது வலி இல்லாததால இல்ல. ரெண்டும் சமமா இருந்ததால.”

“அப்ப சான்று குடுத்துருங்க” என்றாள் நறுமுகை.

“சட்டத்துல இதுக்கு இடமில்லம்மா. சாட்சி உணர்ந்ததைத்தான் எடுத்துக்குவாங்க. சாட்சியே நோயாளியா இருந்தா என்ன பண்றதுன்னு எழுதினவங்க யோசிக்கல. வேற பொம்பளை யாராவது உங்க வீட்டுல இருக்காங்களா?”

“தென்றல் இருக்கறா. அவளுக்கு ஒன்றரை வயசு.”

கணக்கை முதலில் போட்டது ஷர்மிளாதான். மண்டியில் இருபத்தைந்து வருடம் தராசைப் பார்த்தவர் அல்லவா?

“ஏனுங்க, ரெண்டு தட்டும் சமமா இருக்கறதாலதான முள்ளு அசையல? என்ற தட்டுல இருக்கற பாரத்தை இறக்கிட்டா?”

நஸ்ரீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மறுசோதனைக்கு இன்னும் எத்தனை நாள்?”

“முப்பத்தியொண்ணு.”

“முழுசா குணமாகாது. பாதியாவது குறையலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து சரியானீங்கன்னா...”

“முள்ளு மறுபடியும் நடுவுலயே நிக்கும்” என்றாள் நறுமுகை. “நான் காத்திருக்கறேன் டாக்டர். அத்தைக்குப் பாருங்க.”

“ஒரு நோயாளியைப் பார்த்து, சரியாயிடாதீங்கன்னு சொல்ற முதல் பிசியோ நானாத்தான் இருப்பேன். எனக்குப் பிடிக்கல. வெந்நீர் ஒத்தடமாவது வச்சுக்கங்க. தாங்க முடியலைன்னா அன்னைக்கே நிறுத்திடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

“அம்மிணி, நீ பாட்டுக்குச் சரியாயிடாத!” என்று விரலை ஆட்டி மிரட்டினார் ஷர்மிளா. மிரட்டும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

*

அடுத்த முப்பது நாள் அந்த வீட்டில் நடந்தது ஒரு திருவிழா.

காலையில் பாயை விரித்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, வயிற்றில் கைவைத்து ஷர்மிளா மூச்சு பழகினார். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும், கூடவே அடித்தளம் இறங்க வேண்டும். “முப்பது வருசமா வயித்தை எக்கித்தான் சேலை கட்டறேன், இப்ப போயி ஊதச் சொல்றாங்களே” என்று முனகிக்கொண்டே ஊதினார். தாடையை விட்டால் இடுப்பும் விடும் என்று நஸ்ரீன் சொல்லியிருந்ததால், வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் வாயை லேசாகத் திறந்து ‘ஹா’ என்றார். காய்கறிக்காரர் இரண்டு நாள் பயந்துபோய், மூன்றாம் நாள் என்னவென்று கேட்டார். கழிவறையில் காலுக்கு ஒரு சின்னப் பலகை வந்தது. வாரம் இரண்டு முறை நிலையத்துக்குப் போய்வந்தார். முதல் முறை உள்ளே தொட்டு இளக்கும் சிகிச்சைக்குக் கூச்சப்பட்டு அழுதார். இரண்டாம் முறை, “அந்தப் பொண்ணு கையில ஏதோ இருக்குது அம்மிணி. பூட்டைத் திறக்கற மாதிரி திறக்கறா” என்றார்.

அம்மா பாயில் படுத்துவிட்டால் வீடு என்ன ஆகும் என்பது ஆரூரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்னி தானாக அரைபடவில்லை. துணி தானாக மடியவில்லை. “நாம சுறுசுறுப்புன்னு பெருமையடிச்சதெல்லாம் அவங்க வலி முகை” என்றான் ஒரு நாள் காலையில், மிக்ஸிக்கு முன்னால் நின்று. குரல் உடைந்திருந்தது. “ஒரு தடவைகூட ஏம்மா உக்காரலைன்னு நான் கேட்டதில்ல.”

“இப்ப கேட்டுட்டே இல்ல? சட்னிக்கு உப்புப் போடு.”

நறுமுகைக்கு அந்த நாட்கள் லேசாக இருக்கவில்லை. தினம் ஒரு நடை முடித்துத் திரும்பும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். வாசலில் ஷர்மிளா வெந்நீர்ப் பையோடு நிற்பார். “இன்னும் சித்த நாள் பொறுத்துக்க. நான் வேகமா வந்துட்டிருக்கறேன்” என்பார், எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருகிறவர் மாதிரி.

பத்தொன்பதாம் நாள் காலை. ஆரூரன் இட்லி அவித்திருந்தான். ஷர்மிளா தட்டை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து மேஜையருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு இட்லி முடிந்தது. இரண்டாவது இட்லியும் முடிந்தது. பேசினால் பறந்துவிடும் குருவியைப் பார்ப்பதுபோல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதைக் கேட்டுத் தட்டை நீட்டியபோதுதான் அவருக்கே உறைத்தது.

“அடக் கெரகமே. உக்காந்திருக்கறேன்!”

ஆரூரன் போட்டோ எடுத்தான். அந்த வீட்டு ஆல்பத்திலேயே அம்மா உட்கார்ந்திருக்கும் முதல் படம் அது. சட்னிதான் உப்புக் கரித்தது. யாரும் சொல்லவில்லை.

*

நாற்பதாம் நாள். முக்காலிகளில் முதுகோடு முதுகு. இரண்டு நிமிடம். பட்டை ஒலித்தது.

நறுமுகை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. போச்சு, என்று நினைத்தாள். இருக்கை, வளைவு, யானை எல்லாம் போச்சு.

“அய்யோ, அம்மிணி!”

ஷர்மிளாவின் கை பின்னால் துழாவி வந்து அவள் கையைப் பற்றியது. அந்தப் பிடியில் வளையல் நெளிந்தது. திரையில் எண் ஏறியது. இரண்டு. மூன்று. நான்கு. நான்கில் கொஞ்சம் தயங்கி ஐந்தில் நின்றது.

“வந்துடுச்சு! போதும்மா, கழட்டிடலாம்” என்று நஸ்ரீன் எழுந்தார்.

“இருங்க. சித்த நேரம் இருக்கட்டுங்க.”

“வலிக்குமேம்மா?”

“தெரியுதுங்க.” ஷர்மிளா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் இறங்கியது. உதட்டில் ஆச்சரியம்போல ஒரு சிரிப்பு. “இது இவளுது மட்டும் இல்லீங்க. இதை எனக்கு நல்லாத் தெரியுமுங்க. முப்பத்தியோரு வருசம் என்றகூடவே இருந்தது. இதோடதான் பையனை வளர்த்தேன், மண்டிக்குப் போனேன், பந்தி பரிமாறினேன். இத்தன கனமாவா இருந்துச்சு?” பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இதையாங்க நான் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்?”

நறுமுகை திரும்பி உட்கார்ந்து, பட்டையோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

“இப்ப நீ சரியாயிக்கலாம்” என்றார் ஷர்மிளா மூக்கை உறிஞ்சியபடி. “நான் உத்தரவு குடுத்துட்டேன்.”

*

பன்னிரண்டு வாரம் கழித்து, கடைசி நாள் சிகிச்சை முடித்து நறுமுகை வெளியே வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து முழுநேரம் மலைப் பேருந்து. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அவள் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது அவளுக்கும் ஆரூரனுக்கும் மட்டும் தெரிந்த கதை.

வரவேற்பறையில் ஷர்மிளா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும் யோசனையே இல்லாதவர்போல. மடியில் பர்லியாறு மங்குஸ்தான் பொட்டலம்.

எதிரே நஸ்ரீன் ஒரு பழைய அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். சாட்சி பூஜ்ஜியம் என்று மூடி வைக்கப்பட்ட கோப்புகள். நான்கு வருடத்தில் அறுபத்திரண்டு. ‘நோயாளி மிகைப்படுத்துகிறார்’ என்று ஒவ்வொன்றின் மேலும் முத்திரை. உள்ளே சாட்சிகளின் பட்டியலில் அம்மா, மாமியார், அக்கா, நாத்தனார்.

நஸ்ரீன் முதல் கோப்பிலிருந்த எண்ணைப் போட்டார்.

“வணக்கம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி இங்க வந்தீங்க, ஞாபகம் இருக்கா? ஆமா, பூஜ்ஜியம்னு வந்தது. கோவப்படாதீங்க, இப்ப கூப்பிட்டது உங்களுக்காக மட்டும் இல்ல. அன்னைக்குச் சாட்சி சொன்னாங்களே, உங்க அம்மா, வீட்டுல இருக்காங்களா?” கொஞ்சம் தயங்கினார். “அவங்க இப்ப உட்கார்ந்திருக்காங்களா, நின்னுட்டிருக்காங்களா?”

மறுமுனையில் அந்தப் பெண் எழுந்து போய்ப் பார்க்கும் சத்தம் கேட்டது.

ஷர்மிளா பழம் தின்ற கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

“நின்னுட்டுத்தான இருப்பா? போனை இப்படிக் குடுங்க. நான் பேசறேன்.”